மூளைக்குள் ஒரு ‘போதும்!’ – டீச்சர் பதில்கள்

மூன்று வாரத்துக்கு முன்னால் யாருக்கோ பதில் எழுதும்போது, போகிற போக்கில், ‘கஞ்சா செய்கிற வேலையைச் செய்ய நம் மூளைக்குள்ளேயே சொந்தச் சரக்கு இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதிவைத்தேன். வினை அங்கே பிடித்தது. அதற்கப்புறம் வந்த தபால்களில் பாதி அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான். தாண்டிக்குடிக்குத் தபால் மலை ஏறி வருவதே பெரிய காரியம்; கட்டுக் கட்டாக வந்தால் தபால்காரருக்கே சந்தேகம். “டீச்சருக்கு அவார்டு ஏதும் கொடுத்திருக்காங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதனால் இந்த இதழ் முழுக்க அந்த விஷயந்தான். வாஸ்து, நாய்க்கடி, ஏழாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் பிழை என்று எழுதியவர்கள் அடுத்த முறைவரை பொறுக்கவும்.

இன்னொன்று. வலது மணிக்கட்டில் கட்டு. இடது கையால் கிறுக்கி அனுப்பியிருக்கிறேன். டி.டி.பி. செய்கிற தம்பி என்னைத் திட்டாமல் இருந்தால் நல்லது.

நம் மூளையே கஞ்சா தயாரிக்கிறதாமே? வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பாதி நம்பலாம். செடியில் இருக்கும் பொருள் வேறு, மூளையில் இருக்கும் பொருள் வேறு. இரண்டும் வந்து உட்காருகிற நாற்காலிதான் ஒன்று. அந்த நாற்காலிக்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கிற பெயர் ‘ஏற்பி’.

இது தெரியவந்த கதை தலைகீழாக நடந்தது. முதலில் செடி, அப்புறம் நாற்காலி, கடைசியில்தான் வீட்டுக்காரர். 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம், யெகியேல் கவோனி என்ற இருவர், கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள் என்று பிரித்தெடுத்து, அதன் அமைப்பையும் சொன்னார்கள். ஆராய்ச்சிக்குச் சரக்கு வேண்டுமே? மெக்கூலம் போலீஸிடமே போய்க் கேட்டார். பிடிபட்ட லெபனான் ஹஷீஷ் 5 கிலோ கொடுத்தார்கள். அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார் மனிதர். சுகாதாரத் துறை அனுமதி இல்லாமல் கொடுத்ததும் குற்றம், வாங்கியதும் குற்றம் என்பது பின்னால்தான் தெரிந்தது. வத்தலக்குண்டு பஸ்ஸில் ஒரு பலாப்பழம் ஏற்றினாலே நமக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கிறார்கள்.

24 வருடம் கழித்து, 1988இல், அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டும் அவருடைய மாணவர் வில்லியம் டிவேனும் எலி மூளையில் நாற்காலியைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு சி.பி.1 என்று பெயர். அங்கேதான் சிக்கல் வந்தது. எங்கோ மலையில் முளைக்கிற ஒரு செடிக்காக எலியும் மனுஷனும் தலைக்குள் நாற்காலி போட்டு வைத்திருப்பார்களா? உட்காருகிற ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் அல்லவா?

அந்த ஆளைத் தேடி டிவேன் ஜெருசலேமுக்கு மெக்கூலத்திடமே போனார். அவரும் லூமிர் ஹனூஷ் என்பவரும் கிலோக்கணக்கில் பன்றி மூளையை அரைத்து, கரைத்து, வடித்து எடுத்தார்கள். கிடைத்தது ஒரு மில்லிகிராம்கூட இல்லை. 1992இல் அதை வெளியிட்டபோது வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆனந்தம் என்ற வடமொழிச் சொல்லோடு, அமைடு என்ற வேதியியல் சொல்லை ஒட்டினார்கள். நமக்கு விளக்கவுரை தேவைப்படாத ஒரே வேதிப்பொருள் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

1995இல் இரண்டாவது ஆள் அகப்பட்டார். மெக்கூலம் குழு நாயின் குடலிலிருந்தும், ஜப்பானில் சுகியுரா குழு எலி மூளையிலிருந்தும் எடுத்தார்கள். பெயர் 2-ஏ.ஜி. (முழுப் பெயரை எழுத இடது கை ஒத்துழைக்கவில்லை.) மூளையில் இது ஆனந்தமைடைவிட எத்தனையோ மடங்கு கூடுதலாக இருக்கிறது. பெயர் என்னவோ ஆனந்தமைடுக்கு. பாடுபடுவது பெரும்பாலும் 2-ஏ.ஜி.

அப்படியானால் அதை மூளையில் எங்கே சேமித்து வைக்கிறோம்? தீர்ந்துபோனால் என்ன ஆகும்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

சேமிப்பதே இல்லை. நல்ல இடத்தில் கை வைத்தாய், கண்ணு. மற்ற நரம்புச் சமிக்ஞைப் பொருள்கள் பலவும் குட்டிக் குட்டிப் பைகளில் தயாராக நிரப்பி வைக்கப்பட்டிருக்கும். இவை இரண்டும் கொழுப்புச் சாதி, பையில் அடங்காது. தேவைப்படுகிற நொடியில், செல்லின் மேல்தோலில் இருக்கிற கொழுப்பிலிருந்தே வெட்டி எடுக்கப்படும். வேலை முடிந்ததும் நொதிகள் உடைத்துப்போட்டுவிடும்.

அதைவிட வேடிக்கை, அது போகிற திசை. பூம்பாறைப் பக்கம் பூண்டுத் தோட்டம் பார்த்திருக்கிறாயா? மலைச்சரிவில் படி படியாக இறங்கும். மேல்பாத்திக்காரர் குழாயைத் திறந்தால் கீழ்பாத்திக்குத் தண்ணீர் வரும். கீழே நிற்கிறவர் மண்வெட்டியோடு பார்த்துக்கொண்டே இருப்பார். பாத்தி நிறைந்ததும் மேலே பார்த்து ஒரு சத்தம்: “போதும்!” மேலே குழாய் மூடும்.

நரம்புச் செல்களில் மேல்பாத்திச் செல்லிலிருந்து கீழ்பாத்திச் செல்லுக்குச் சமிக்ஞை பாய்கிறது. மூளைப் பாடம் அத்தனையும் ஒருவழிப்பாதை என்றுதான் நான் 31 வருஷமாகப் பலகையில் அம்புக்குறி போட்டேன். 2001இல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் காட்டியது என்னவென்றால், கீழ்பாத்திச் செல் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் இந்தக் கொழுப்புப் பொருளைச் செய்து எதிர்த்திசையில் மேலே அனுப்புகிறது. சி.பி.1 நாற்காலி போட்டிருப்பது மேல்பாத்தியில். அதில் போய் உட்கார்ந்ததும் மேலே குழாய் மூடுகிறது. ஆக, ஆனந்தம் என்று பெயர் வைத்தார்களே தவிர, அது சொல்லுகிற சொல் ‘போதும்’ என்பதுதான். என் அம்புக்குறிகளை நம்பிப் பரீட்சை எழுதிய பிள்ளைகளிடம் இந்தப் பத்தியின் வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தீர்ந்துபோகுமா என்று கேட்டாய். மூலப்பொருள் செல்லின் தோலிலேயே இருக்கிறது. கவலைப்படாதே.

பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு விட்டுப்போனது. எழுந்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி, அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். வலியே இல்லை. வீட்டு வாசலில் கத்திவிட்டேன். இதுவும் அந்தச் சரக்குதானா?
– வாசகர், பெரியகுளம்

உங்களுக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

போன மாதம் மிளகு பறிப்பு. என் வீட்டுக்காரர் விட்டுப்போன தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறது. வழக்கமாக ஏணி ஏறுகிற தம்பி அன்றைக்கு வரவில்லை. சரம் பழுக்கத் தொடங்கிவிட்டது. கொண்டைக்குருவிகள் ஆரம்பித்துவிட்டன. 64 வயதில் செய்யக் கூடாத வேலையைச் செய்தேன். மூங்கில் ஏணியில் எட்டாவது படி. காலை ஈரம். கீழே காப்பிச் செடிமேல் விழுந்து, அதிலிருந்து தரையில் விழுந்தேன்.

எழுந்து உட்கார்ந்து நான் செய்த முதல் வேலை, இடுப்பில் கட்டியிருந்த பையிலிருந்து சிதறிய மிளகைப் பொறுக்கியது. சருகுக்குள் விழுந்ததை ஒவ்வொன்றாக எடுத்தேன். வலது கை சரியாகப் பிடிக்கவில்லை. சரி, இடது கை இருக்கிறதே. கால் மணி நேரம் இருக்கும். பிறகு சரிவில் ஏறி வீடு வந்து, பாயில் மிளகைக் கொட்டி, அடுப்பில் தண்ணீரும் வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “டீச்சரம்மா, கை ஏன் அப்படிக் கோணிக்கிட்டு நிக்குது?” என்றாள். பார்த்தேன். மணிக்கட்டு ஒரு கரண்டி மாதிரி வளைந்திருந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் வலி! கீழ்மலையில் பாதி ஊருக்குக் கேட்டிருக்கும்.

ஆபத்து நேரத்தில் வலியை மூளையே ஒத்திப்போடும். இதில் ஒரு பங்கு எண்டார்ஃபின் என்ற, உடம்பே சுரக்கிற வலிநிவாரணி வகைகளுக்கு. நம் சரக்குக்கும் பங்கு உண்டு என்று 2005இல் எலிகளில் காட்டினார்கள். பாதத்தில் மின்னதிர்ச்சி கொடுத்த எலிகளுக்குச் சற்று நேரம் வலி உணர்வு மங்கியது. எண்டார்ஃபின் வழியை மருந்தால் அடைத்தும் அந்த மங்கல் போகவில்லை. சி.பி.1 நாற்காலியை அடைத்தபோது போய்விட்டது. நடுமூளையில் 2-ஏ.ஜி.யும் ஆனந்தமைடும் கூடியிருந்தன. ‘முதலில் தப்பி வா, பிறகு அழு’ என்கிற ஏற்பாடு. அந்தச் சலுகையை நான் மிளகு பொறுக்கச் செலவழித்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் பண்ணைக்காடு ரோட்டில் ஒரு காட்டுமாடு என்னைத் துரத்தியது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றும் அந்த வளைவு வந்தால் நெஞ்சு அடிக்கிறது. என் கூட வந்த மச்சான் அடுத்த வாரமே மறந்துவிட்டான். நான் கோழையா?
– வாசகர், ஊர் வேண்டாம்

கோழை இல்லை. காட்டுமாட்டைப் பார்த்துப் பயப்படாதவருக்குத்தான் வைத்தியம் தேவை.

பயத்தை மறப்பது என்பது தானாகக் கரைந்துபோகிற காரியம் இல்லை. மூளை உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. 2002இல் மியூனிக்கில் செய்த சோதனையைச் சொல்கிறேன். எலிக்கு ஓர் ஒலி கேட்கும், உடனே பாதத்தில் சுருக்கென்று அதிர்ச்சி. மறுநாள் ஒலி மட்டும் கேட்டாலே உறைந்து நிற்கும். அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால், சாதாரண எலி ‘சரி, ஒன்றும் ஆகவில்லை’ என்று மெல்ல இயல்புக்கு வந்துவிடும். சி.பி.1 நாற்காலி இல்லாமல் பிறக்கவைத்த எலிகள் வரவில்லை. ஒலி கேட்கும்போதெல்லாம் உறைந்தே நின்றன. பயம் தங்குகிற அமிக்டலா என்ற பகுதியில், அந்த ஒலி கேட்கும்போது நம் இரண்டு பொருள்களும் கூடுவதையும் அளந்தார்கள். அங்கேயும் அதே சொல்தான்: போதும்.

உங்கள் மச்சானுக்கு அந்தக் குரல் சத்தமாக இருக்கலாம். அல்லது அவர் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். எலியிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, அந்த வளைவைத் தவிர்த்துச் சுற்றிப்போகாதீர்கள் என்பதைத்தான். பகலில், துணையோடு, பல முறை போங்கள். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று மூளைக்கு அங்கேதான் சொல்ல முடியும். நெஞ்சடிப்பு தூக்கத்தைக் கெடுக்கிற அளவு போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கொடைக்கானல் ஹோம்மேட் சாக்லேட்டில் ஆனந்தமைடு இருக்கிறதாமே?
– வாசகி, மதுரை

கோகோவில் இருக்கிறது என்று 1996இலேயே எழுதினார்கள். அளவு துளியூண்டு. வயிற்றைத் தாண்டி மூளைக்குப் போய்ச் சேரும் என்று நினைத்து வாங்காதீர்கள். முந்திரி போட்டது நன்றாக இருக்கும், அதற்காக வாங்குங்கள்.

காளான்?
– நான்கு பேர், நான்கு ஊர்

போதைக் காளானைத்தானே கேட்கிறீர்கள்? அது வேறு நாற்காலி. செரடோனின் என்ற இன்னொரு மூளைப் பொருளுக்குப் போட்டது. அந்தக் காளானில் இருக்கிற போதைப் பொருளைச் சட்டமும் தடுத்திருக்கிறது. தவிர, மழைக்காலத்தில் நம் மலையில் முளைக்கிற காளான்களில் கல்லீரலைத் தின்கிறவையும் உண்டு. பார்வைக்கு எல்லாம் சாதுவாகத்தான் நிற்கும். அடுத்தவர்!

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறேன். முதல் இரண்டு நாள் உயிர் போகும். அப்புறம் ஒரு கட்டத்தில் வலி மறந்து, உடம்பு காற்றாகி, அழுகை வருகிற மாதிரி ஒரு சுகம். இது முருகன் அருளா, உங்கள் ரசாயனமா?
– வாசகர், காரைக்குடி

ஐயா, நான் பழனி மலைக்காரி. இந்தக் கேள்வியில் என்னைச் சிக்கவைக்கலாம் என்று பார்க்காதீர்கள்.

ரசாயனப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஓடுகிறவர்களுக்கு வருகிற அந்தச் சுகத்துக்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொன்னார்கள். ஆனால் ரத்தத்தில் ஓடுகிற எண்டார்ஃபின் பெரிய மூலக்கூறு. மூளையின் காவலைத் தாண்டி உள்ளே போக முடியாது. கொழுப்பான ஆனந்தமைடு தாண்டிவிடும். மிதமான வேகத்தில் ஓடியவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள் ரத்தத்தில் ஆனந்தமைடு கூடுவதை 2003இல் அளந்தார்கள். 2021இல் ஜெர்மனியில் இன்னும் தெளிவாக ஒன்று செய்தார்கள். 63 ஓட்டக்காரர்களை ஓடவைத்து, எண்டார்ஃபின் உட்காருகிற நாற்காலியை மருந்தால் அடைத்துவிட்டுப் பார்த்தார்கள். அடைத்த பிறகும் அந்தப் பரவசம் வந்தது.

ஆனால் மெல்ல நடந்தால் அவ்வளவாகக் கூடுவதில்லை; நெஞ்சு நன்றாக அடிக்க வேண்டும். நீங்கள் காவடியோடு, வெயிலில், ‘அரோகரா’ சொல்லிக்கொண்டு போகிறவர். அதை எந்த ஆய்வுக்கூடத்திலும் ஓடுபொறியில் ஏற்றி அளந்ததில்லை. மிச்சத்தை முருகனிடமே கேளுங்கள். பாதத்தில் கொப்புளம் இருந்தால் மட்டும், சுகம் வந்துவிட்டது என்று அலட்சியமாக விடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் பார்க்கவும்.

மிளகும் கஞ்சா மாதிரி வேலை செய்கிறது என்று ஒரு யூடியூப் வைத்தியர் சொல்கிறார். நீங்கள் மிளகுக்காரர் ஆயிற்றே?
– வாசகி, கம்பம்

ஒரு மிளகைப் பல்லுக்கிடையில் வைத்து உடையுங்கள். முதலில் மூக்குக்கு ஏறுகிறதே ஒரு மர வாசனை, கொஞ்சம் கிராம்பின் சாயலோடு? காரம் அதற்குப் பிறகுதான் வரும். இரண்டும் வேறு வேறு ஆட்கள். காரம் பைப்பரின். வாசனை எண்ணெயில் இருக்கிற முக்கியமான ஆள்களில் ஒருவர் காரியோஃபிலின். கிராம்பிலும் இருக்கிறார், கறிவேப்பிலையிலும் இருக்கிறார், கஞ்சாச் செடியிலும் இருக்கிறார்.

2008இல் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள், இந்தக் காரியோஃபிலின் நம் நாற்காலி ஒன்றில் உட்காருகிறது என்று கண்டார்கள். ஆனால் அது சி.பி.1 இல்லை, சி.பி.2. சி.பி.2 பெரும்பாலும் மண்ணீரலிலும் நோய் எதிர்ப்புச் செல்களிலும் போட்டிருக்கிற நாற்காலி. அதில் உட்கார்ந்தால் போதை வராது. எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தபோது வீக்கம் குறைந்தது. மனிதருக்கு ரசத்தில் எத்தனை மிளகு போட்டால் எவ்வளவு வீக்கம் குறையும் என்று யாராவது கணக்குச் சொன்னால் அவர் வைத்தியர் இல்லை, வியாபாரி. நானும் வியாபாரிதான், ஆனாலும் சொல்ல மாட்டேன்.

வாசனை எண்ணெய் பறந்துபோகிற சாதி. பொடித்து டப்பாவில் மாதக்கணக்காக வைத்த மிளகுத்தூளில் காரம் நிற்கும், வாசனை போய்விடும். முழு மிளகாக வாங்கி, ரசம் இறக்குகிற நேரத்தில் தட்டிப் போடுங்கள். இது மருத்துவக் குறிப்பு இல்லை, ருசிக் குறிப்பு.

இன்னொரு கொசுறு. மிளகாயின் காரத்தை உணர்கிற ஏற்பி ஒன்று இருக்கிறது. பைப்பரினும் அதில்தான் உறைக்கிறது. 1999இல் பார்த்தால், ஆனந்தமைடும் அதே மிளகாய் நாற்காலியில் போய் உட்காருகிறது. ஒருத்தருக்கு இரண்டு வீடு. ஊர் உலகத்தில் நடக்காததா?

ஆனந்தமைடை உடைக்கிற நொதியை நிறுத்திவிட்டால் மூட்டுவலிக்கு விடிவு வருமே? ஏன் இன்னும் மாத்திரை வரவில்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி

நீங்களும் என் கட்சி, சார். என் இடது முழங்காலும் இதே கேள்வியைத் தினம் கேட்கிறது.

அந்த நொதிக்கு ஃபா என்று சுருக்கப் பெயர். அது சரியாக வேலை செய்யாத ஒரு ஸ்காட்லாந்து அம்மாவைப் பற்றி 2019இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். இடுப்பு மூட்டு தேய்ந்து மாற்றுகிற அளவு போயும் வலி தெரியவில்லை. கையில் அறுவை செய்துகொண்டபோது வலி மாத்திரை வேண்டாம் என்றார்; மருத்துவர் அதிசயித்துத் துருவினார். ரத்தத்தில் ஆனந்தமைடு மற்றவர்களைவிடக் கூடுதல். பதற்றம் கிடையாது, பயம் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? அடுப்பில் கை பட்டால் கருகல் வாசனை வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். பேச்சு நடுவில் சொல் மறந்துபோகும், சாவியைத் தொலைப்பார்.

மாத்திரையும் செய்து பார்த்தார்கள். முழங்கால் தேய்மானக்காரர்களுக்கு ஒன்று கொடுத்தார்கள். ரத்தத்தில் ஆனந்தமைடு ஏறியது; வலி வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஒன்றும் குறையவில்லை. 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரத்தில் வேறொரு மருந்தை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஒருவர் இறந்துபோனார், வேறு சிலர் மூளை பாதிப்போடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்த மருந்து ஃபாவோடு நிற்காமல் வேறு பல நொதிகள்மேலும் கை வைத்தது என்று பின்னால் தெரிந்தது.

எதிர்ப்பக்கமும் ஒரு கதை உண்டு. சி.பி.1 நாற்காலியை மொத்தமாக அடைத்தால் பசி குறையும் என்று கணக்குப் போட்டார்கள். ரிமோனபான்ட் என்று எடை குறைக்கும் மாத்திரை 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. எடை குறைந்தது. கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008இல் திரும்பப் பெற்றார்கள். கூட்டினாலும் தொல்லை, அடைத்தாலும் தொல்லை. நாம் வெந்நீர் ஒத்தடத்தோடு காலம் தள்ளுவோம் சார்.

என் மகன் கோவையில் கல்லூரி இரண்டாம் வருடம். கஞ்சா பிடிக்கிறான் என்று பொங்கலுக்கு வந்தபோது கண்டுபிடித்தேன். கேட்டால், ‘அம்மா, மூளையிலேயே இருக்கிறதுதான், இயற்கைதான், சயின்ஸ் படிச்சுப் பாரு’ என்கிறான். உங்கள் அந்த ஒரு வரியையும் எனக்கே போட்டோ எடுத்து அனுப்பினான். என்ன பதில் சொல்வது?
– ஒரு தாய், பெயர் ஊர் வேண்டாம்

அம்மா, அந்த வரியை அரைகுறையாக எழுதியது என் தப்பு. மிச்சத்தையும் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்புங்கள்.

தம்பி, பூம்பாறைப் பூண்டுத் தோட்டத்தை மேலே சொன்னேன், படித்திருப்பாய். உன் தலைக்குள் கோடிக்கணக்கான பாத்திகள். எந்தப் பாத்தி நிறைந்ததோ அந்தப் பாத்திக்காரர் மட்டும், அவருக்கு நேர் மேலே இருப்பவருக்கு மட்டும், ஒரு தடவை ‘போதும்’ என்கிறார். அந்தச் சத்தம் உடனே அடங்கிவிடுகிறது. டி.எச்.சி. என்ன செய்கிறது தெரியுமா? திருவிழா மைக் செட்டை மலை உச்சியில் கட்டி, மணிக்கணக்கில் ‘போதும், போதும், போதும்’ என்று அலறுகிறது. நிறைந்த பாத்தி, காய்ந்த பாத்தி என்ற பேதமில்லாமல் எல்லா இடத்திலும் குழாய் மூடுகிறது. நினைவைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸில் இந்த நாற்காலிகள் நெருக்கமாக இருக்கின்றன. அதனால்தான் சொல்லவந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. மூச்சையும் இதயத்தையும் நடத்துகிற மூளைத்தண்டுப் பகுதியில் குறைவு; அதனால்தான் அபின் வகைகள் மாதிரி இது மூச்சை நிறுத்துவதில்லை. உண்மையை மறைத்து உன்னை மிரட்டுகிற உத்தேசம் எனக்கில்லை.

தினமும் மைக் அலறினால் மேல்பாத்திக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். தினம் புகைப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில் சி.பி.1 நாற்காலிகள் குறைந்திருந்தன. அப்புறம் உன் சொந்த ஆனந்தமைடு சொல்கிற சின்னக் குரல் யாருக்குக் கேட்கும்? விட்டுவிட்டால் சுமார் நான்கு வாரத்தில் நாற்காலிகள் திரும்பி வந்ததையும் அதே ஆய்வில், 2012இல், பார்த்தார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் வராது, எரிச்சல் வரும், சோறு இறங்காது. அது உடம்பு பழைய கணக்கைச் சரிசெய்கிற சத்தம்.

19, 20 வயதில் மூளையின் முன்பகுதி இன்னும் கட்டி முடியவில்லை. இளம் வயதில் தொடங்கி அடிக்கடி புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு நோய் வருகிற வாய்ப்பு கூடுகிறது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால், அம்மா, இதை நேராகச் சொல்லிவிடுங்கள். குடும்ப மானம் என்று மூடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் செய்த செயற்கைச் சரக்குகளும் உலவுகின்றன. அவை டி.எச்.சி.யைவிடப் பல மடங்கு வலுவாக அதே நாற்காலியை அழுத்துகிறவை. உயிர் போனவர்கள் உண்டு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் இருக்கிறது: ஒரு கிலோவுக்குள் கஞ்சா வைத்திருந்தாலே ஒரு வருடம்வரை சிறை.

அடிக்காதீர்கள், அம்மா. அழவும் வேண்டாம். ‘சயின்ஸ் படிச்சுப் பாரு’ என்று சொன்னானே, அது வாதம் பண்ண இடம் வைத்திருக்கிற பிள்ளையின் பேச்சு. பேசாமல் கதவைச் சாத்திக்கொள்கிறவனைப் பார்த்திருக்கிறேன், கடைசி பெஞ்சில். அந்தப் பிள்ளையைக் கவனிக்கத் தவறியது இன்றும் எனக்கு உறுத்தல். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் அரசின் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. முதலில் நீங்கள் பேசுங்கள். அவன் அப்புறம் பேசட்டும்.

டீச்சர், கையில் கட்டு என்று கேள்விப்பட்டோம். மிளகு பறித்து முடிந்ததா?
– பழைய மாணவர்கள், பட்டிவீரன்பட்டி

ஒன்பது கொடி பாக்கி. ஏணி ஏறுகிற தம்பி நேற்றும் வரவில்லை. கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம். மேலே பழுத்ததைக் கொண்டைக்குருவிகள் முடித்துவிட்டன. கீழ்ச்சரம் கைக்கு எட்டுகிறது. இடது கையால் பறித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யாராவது இரண்டு பேர் மேலே வந்தால் சாப்பாடு உண்டு. ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.